கேள்வி நேரம்: செவிலியர் தேர்வுக்குப் பயிற்சி

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, எய்ம்ஸ் நடத்தும் செவிலியர் பணித் தேர்வான நார்செட்டுக்குப் படிக்கிறேன். தினமும் 200 வினாக்கள் வரை போட்டுப் பார்க்கிறேன். பாடவாரியாகச் செய்தால் நல்ல மதிப்பெண் வருகிறது. எல்லாம் கலந்து வரும் மாதிரித் தேர்வில் தடுமாறுகிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகப்பேறு என்று தலைப்பிட்ட பக்கத்தைத் திறந்ததுமே அந்தத் தலைப்பு பாதி விடையைச் சொல்லிவிடுகிறது, தேர்விலும் வார்டிலும் அந்த உதவி கிடைக்காது. ஆகவே வாரத்தில் இரண்டு நாட்களை மட்டும் பாடவாரிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் எல்லாவற்றையும் கலந்து 50 வினாக்கள் போடுங்கள். மீதி நேரம் முழுவதும் தவறிய வினாக்களுக்கே வேண்டும்.

ஒரு வினாவைப் பார்ப்போம். பேறுகால வலிப்புக்காக மக்னீசியம் சல்பேட் பெறும் தாயின் முழங்காலைத் தட்டினால் கால் அசையவில்லை. சுவாசம் நிமிடத்துக்கு 10. அடுத்த தவணைக்கு நேரமாகிவிட்டது. முதலில் எதைச் செய்வீர்கள்? மருந்தைக் கொடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீர் அளவைக் குறிப்பது, மருந்தை நிறுத்தி மருத்துவரை அழைப்பது என்ற நான்கில் கடைசியே விடை. கால் அசையாததும் மூச்சு குறைந்ததும் மருந்து உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதன் அடையாளம். இதோடு அடுத்த வினாவுக்குப் போய்விடாதீர்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது தவறான செயல் அல்ல, ஆனால் மூச்சு குறைந்துகொண்டிருக்கும்போது அது முதல் வேலையாகாது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது என்பதால் சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்தாலும் அடுத்த தவணையைக் கொடுக்கக் கூடாது. மக்னீசியத்தின் நச்சு விளைவை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் படுக்கையருகே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு விடையையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவந்தால், மகப்பேறு வினா ஒன்றிலேயே மருந்தியலும் சிறுநீரகமும் சேர்ந்து படிந்துவிடும். எனக்கு மிகவும் நம்பிக்கையான பழக்கம் இதுதான்.

தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படுவதால், ஊகித்துப் போட்ட விடைகளைத் தனியே குறித்துவைத்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: டிரிப் கணக்கு வந்தாலே விட்டுவிடுகிறேன். எளிய வழி உண்டா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். மி.லி. அளவை, ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்ற எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். 1000 மி.லி., 8 மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 20,000ஐ 480ஆல் வகுக்க நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. குழந்தைகளுக்குப் பயன்படும் 60 சொட்டு மைக்ரோ செட்டில் இந்தக் கணக்கே தேவையில்லை. மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.