பிரிண்டர் வாங்கும் முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விலை, வேகம், கலர் எல்லாம் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் "என் லேப்டாப்பில் ஏறவில்லையே" என்று எழுதுகிறவர்கள் அதிகம். ஆகவே இந்த முறை, வாங்கும் முன்பே கேட்டவர்களுக்கு முதலிடம்.

வீட்டிலிருந்தே வேலை. மாதம் 150 பக்கம், பெரும்பாலும் கறுப்பு. மகளின் பள்ளி வேலைக்கு எப்போதாவது கலர். இங்க் டேங்கா, லேசரா? (கோவை)

இதைத் தீர்மானிப்பது மாதம் எத்தனை பக்கம் என்பதல்ல, இரண்டு பிரிண்டுகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி விழுகிறது என்பதுதான். இங்க் டேங்கில் இருப்பது திரவ மை. அதைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் உள்ள துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. சில வாரம் தொடாமல் விட்டால், அதிலும் கோடையில், மை காய்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். லேசரில் இருப்பது பொடி. அது மூன்று மாதம் கழித்தும் அப்படியே அச்சாகும்.

வாரம் ஒருமுறையாவது நாலு கலரும் உள்ள ஒரு பக்கத்தை எடுப்பீர்கள் என்றால் இங்க் டேங்க் வாங்குங்கள். செலவு மிகக் குறைவு. எப்சன் எல்3250 போன்ற மாடல்களுக்கான 003 மையில் 65 மில்லி கறுப்பு பாட்டில் ஒன்றுக்கு 4500 பக்கம் என்பது கம்பெனிக் கணக்கு. உங்கள் அளவுக்கு அது 30 மாதம் வரவேண்டும். நடைமுறையில் அவ்வளவு வராது. முதல் பாட்டிலில் கொஞ்சம் மை குழாய்களை நிரப்பவே போய்விடும். ஹெட் கிளீனிங்கிலும் கொஞ்சம் போகும். லேசர் பக்கம் பார்த்தால், ஹெச்பி 12ஏ டோனருக்கு 2000 பக்கம். டோனரின் பக்கக் கணக்கு ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் கறுப்பு விழும் தாளை வைத்துச் சொல்வது. நெருக்கமாக எழுத்து நிறைந்த பக்கங்களுக்கு அதைவிடக் குறையும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இங்க் டேங்க் பிரிண்டரைச் சுவரில் உள்ள சுவிட்சில் அணைக்காதீர்கள். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும். விளக்கு அணைந்த பிறகு சுவர் சுவிட்சைத் தட்டலாம். "புது பிரிண்டர் ஆறே மாதத்தில் அடைத்துவிட்டது" என்று வருகிற புகார்களுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வரிவரியாக வெள்ளைக் கோடு விழுந்தால் முதலில் நாஸில் செக் (துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) எடுங்கள், பிறகு ஹெட் கிளீனிங் செய்யுங்கள். இரண்டு, மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்ய வேண்டாம். ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உள்ளே கழிவு மையை உறிஞ்ச வைத்திருக்கும் வேஸ்ட் இங்க் பேடில் கொட்டுகிறது. அது நிறைந்துவிட்டதாக கவுன்ட்டர் காட்டினால் பிரிண்டர் நின்றுவிடும்.

கலர் என்பது உண்மையிலேயே "எப்போதாவது" மட்டும்தான் என்றால், கறுப்பு லேசர் வாங்கிக்கொண்டு கலருக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போவதுதான் என் பரிந்துரை.

மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். கடையில் ஒரு பழைய மாடல் லேசரைக் குறைந்த விலைக்குக் காட்டி, "டிரைவர் போட்டால் ஓடும்" என்கிறார்கள். நம்பலாமா? (சென்னை)

பெட்டியில் ஏர்பிரிண்ட் (தனி டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஆப்பிளின் முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

காரணம் இது. ஹெச்பி லேசர்ஜெட் 1020, எம்1005, கேனன் எல்பிபி2900 போன்றவை நம் ஊரில் இன்னமும் சக்கைப்போடு போடும் உழைப்பாளி மெஷின்கள். ஆனால் பக்கத்தை வரைந்து தயாரிக்கும் வேலையை இவை தாமே செய்வதில்லை. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர்தான் முழுப் பக்கத்தையும் புள்ளிகளாக மாற்றி, அந்தந்த மாடலுக்கே உரிய பாஷையில் அனுப்ப வேண்டும். 1020 இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரையே, அதாவது பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருளையே, கம்ப்யூட்டர்தான் ஏற்ற வேண்டும். அந்த டிரைவரை எழுதியவர்கள் புது சிஸ்டத்துக்கு ஏற்ப மாற்றாமல் விட்டால், பிரிண்டர் நன்றாக இருந்தும் பயனில்லை.

ஏர்பிரிண்ட் உள்ள பிரிண்டரோ தன் வசதிகளைத் தானே சொல்லிவிடும், பக்கத்தையும் பொதுவான வடிவத்தில் வாங்கிக்கொள்ளும். 2010 முதல் ஆப்பிள் பின்பற்றும் முறை இது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பகுதிக்குப் போய்ச் சேர்க்கும்போது "யூஸ்" என்ற இடத்தில் ஏர்பிரிண்ட் என்று வந்தால் போதும். மாடல் பெயரைக் கடைக்காரரிடம் வாங்கி, ஆப்பிளின் தளத்தில் உள்ள ஏர்பிரிண்ட் பட்டியலில் தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உபுண்டு போட்ட கம்ப்யூட்டருக்கு? (திருச்சி)

மேலே சொன்னதே. ஏர்பிரிண்ட் உள்ளவை உபுண்டு போன்ற லினக்ஸிலும் பெரும்பாலும் டிரைவர் இல்லாமல் ஏறிவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் அடியில் இருப்பது அச்சு வேலையைப் பிரிண்டருக்கு அனுப்பும் ஐபிபி என்ற ஒரே நெறிமுறை. ஏற்கெனவே 1020 வைத்திருந்தால், லினக்ஸுக்கான ஹெச்பியின் ஹெச்பிலிப் டிரைவர் தொகுப்போடு அதன் தனி பிளகினையும் நிறுவ வேண்டும். பிளகின் இல்லாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் வராது.

ஸ்னாப்டிராகன் புராசசர் உள்ள புது லேப்டாப், விண்டோஸ் 11. பிரிண்டரோடு வந்த சிடியிலிருந்து செட்அப் ஓட்டினால் பாதியில் நிற்கிறது. (மதுரை)

சாதாரண புரோகிராம்கள் பல ஸ்னாப்டிராகனிலும் ஓடிவிடும். டிரைவர் அப்படியல்ல. இன்டெல் சிப்புக்கு எழுதிய டிரைவர், ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகை சிப் உள்ள விண்டோஸில் ஏறாது. சிடியை ஓரமாக வைத்துவிடுங்கள். பிரிண்டரை முதலில் வைஃபையில் இணையுங்கள். பிறகு செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் டிவைஸ். மோப்ரியா (தனி டிரைவர் இல்லாமல் அச்சிடுவதற்கான பொதுத் தரம்) சான்று பெற்ற பிரிண்டர் என்றால் விண்டோஸில் உள்ள பொது டிரைவரே அதை எடுத்துக்கொள்ளும். மோப்ரியா தளத்தில் மாடல் வாரியாகத் தேடும் வசதி இருக்கிறது.

பிரிண்டர் கம்பெனிகள் தரும் டிரைவர்களை மெல்லக் கைவிட்டு ஐபிபி பக்கம் போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் 2023-லேயே சொல்லிவிட்டது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் 'புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒரு வசதியும் வந்தது. அதைத் தெரியாமல் ஆன் செய்தால், கம்பெனி டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். செட்டிங்ஸில் அதே பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் ஆஃப் செய்தபின் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த லேப்டாப் வைத்திருந்தாலும், இனி வாங்கும் பிரிண்டரில் மோப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் இருக்கட்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வைஃபை பிரிண்டர் காலையில் ஓடுகிறது, மாலையில் 'ஆஃப்லைன்' என்கிறது. தினமும் இதே கதை. (திருநெல்வேலி)

தினமும் அழித்து மறுபடி சேர்ப்பதால் தீராது. வரிசையாகப் பாருங்கள்.

குறைந்த விலை பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ஃபைபர் மோடம் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் தருகிறது என்றால், பிரிண்டரை இணைக்கும்போது சிக்கல் வரும். மோடம் செட்டிங்கில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, பிரிண்டரை அதில் சேருங்கள். லேப்டாப் 5-இல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே மோடத்தில்தானே இருக்கின்றன. வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த முறைக்கு மாற்றுங்கள். விருந்தினர்களுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் பிரிண்டரைப் போடவே கூடாது, அங்கே ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருப்பார்கள்.

உங்களுடையதுபோல் காலையில் ஓடி மாலையில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஐபி முகவரி மாறுவது. மோடம் பிரிண்டருக்கு ஒரு முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. அணைத்து ஆன் செய்தால் வேறு முகவரி விழலாம், விண்டோஸோ பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். மோடத்தில் முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய மாறாத எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிரிண்டரில் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் தாளை அச்சிட்டால் இரண்டு முகவரியும் அதில் இருக்கும்.

பிறகு விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ். அங்கே டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட் டிக் ஆகியிருந்தால், ஆட் போர்ட்டில் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய ஐபியைக் கொடுங்கள். அப்படியும் ஆஃப்லைன் என்றால் கான்ஃபிகர் போர்ட்டில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்என்எம்பி என்பது பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் முறை. பிரிண்டர் அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாததையே விண்டோஸ் "ஆஃப்லைன்" என்று எடுத்துக்கொள்வது உண்டு.

லேப்டாப் ஆபீஸ் கொடுத்ததா? அப்படியானால் முதலில் விபிஎன்னை (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் தனி வழி) நிறுத்திப் பாருங்கள். பல கம்பெனிகளின் விபிஎன், வீட்டு நெட்வொர்க்கை முழுவதும் மறைத்துவிடும். அங்கே உங்களால் எதையும் மாற்ற முடியாது. யுஎஸ்பி கேபிள்தான் வழி, அதையும் ஐடி பிரிவு அனுமதிக்க வேண்டும்.

லேப்டாப்பில் டைப்-சி மட்டும்தான். பிரிண்டரில் சதுரமான போர்ட். அடாப்டர் வாங்கலாமா? (புதுச்சேரி)

அடாப்டருக்குப் பதில் டைப்-சி முதல் டைப்-பி வரை ஒரே கேபிளாக வாங்குங்கள், தளரும் இடம் ஒன்று குறையும். நீளம் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். பெட்டியில் கேபிள் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களில் வருவதில்லை.

அடிக்கடி கரண்ட் போகிறது. 600 விஏ யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் சேர்க்கலாமா? (தருமபுரி)

கூடாது. டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்ட வைக்கும் ஃபியூசர், 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக வேண்டும். அந்த நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தருவது பொதுவாக 360 வாட்தான். ஓவர்லோட் என்று அலறி, கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும். கம்ப்யூட்டரும் மோடமும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், லேசர் நேராகச் சுவர் பிளக்கில். இங்க் டேங்க் என்றால் கவலையில்லை, பொதுவாக 20 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

அச்சாகும்போது கரண்ட் போய்த் தாள் உள்ளே நின்றுவிட்டால், லேசரில் ஃபியூசர் ஆறும்வரை பொறுத்து, டோனர் கதவைத் திறந்து, தாள் போகும் திசையிலேயே இரு கையாலும் நிதானமாக இழுங்கள்.

தமிழ் பிடிஎஃப் திரையில் சரியாக இருக்கிறது. அச்சில் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. சில எழுத்து கட்டமாக வருகிறது. பிரிண்டரை மாற்ற வேண்டுமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். பிடிஎஃபில் உள்ள எழுத்துருவை டிரைவர் தன் போக்கில் மாற்றி அனுப்பும்போது இப்படி ஆகும். அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது 'அட்வான்ஸ்ட்' அழுத்தி 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்யுங்கள். பக்கம் முழுவதும் படமாகப் போகும், எழுத்து உடையாது. கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல் வேறு கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அது அச்சுக் கோளாறே அல்ல. அங்கே அந்த எழுத்துரு இல்லை. அடித்த கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

பத்திரம் எழுதும் வேலை. முத்திரைத்தாளில் அச்சிட எது நல்லது? (கும்பகோணம்)

கறுப்பு லேசர். இங்க் டேங்குகள் பலவற்றில் உள்ள சாய மை, ஈரக் கை பட்டாலே கலங்கும். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய ஆவணத்துக்கு அது ஆகாது. இங்க் டேங்கே வேண்டும் என்றால் கறுப்பு மட்டுமாவது சாய மையாக இல்லாமல் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையாக உள்ள மாடல் பாருங்கள்.

தாளை அளந்து, டிரைவரில் அந்த அளவைக் கொடுங்கள். முத்திரைத்தாள் பெரும்பாலும் லீகல் அளவை, அதாவது 216 × 356 மிமீ, ஒட்டியிருக்கும். மேனுவல் ஃபீட் வழியாக ஒவ்வொன்றாக விடுங்கள். தாள் தடிமனைத் 'திக்' என்று வைக்காவிட்டால் சூடு போதாமல், மடித்த இடத்தில் எழுத்து உதிரும். முதல் தடவை, அதே அளவுக்கு வெட்டிய சாதாரணத் தாளில் எடுத்து, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஓரம் சரியா என்று பார்த்துவிட்டுப் பிறகு முத்திரைத்தாளை வையுங்கள்.

ஸ்கேனும் அதே மெஷினில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். லீகல் தாளில் அச்சிடும் பல மாடல்களில் ஸ்கேனர் கண்ணாடி ஏ4 அளவுதான். லீகல் பத்திரத்தை முழுதாக ஸ்கேன் செய்ய மேலே ஏடிஎஃப் (தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் பகுதி) உள்ள மாடல் வேண்டும். அந்த ஏடிஎஃப் லீகல் தாளை எடுக்குமா, இரண்டு பக்கத்தையும் தானே எடுக்குமா என்பதைக் கடையிலேயே ஒரு தாள் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐ போதும்.