பார்ட்டி கேட்ட விலையை புரோக்கர் மறைக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீடு, அரை கிரவுண்டு, என் பெயரில் இருக்கிறது. விற்பதற்காக நாலு மாதம் முன்பு ஏரியா புரோக்கர் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். "85-க்கு மேல யாரும் கேக்கல மேடம், இதுவே பெரிசு" என்கிறார். போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருப்பவர் ஒருவர் என்னையே தேடி வந்தார். தான் 97 லட்சம் வரை கேட்டதாகவும், "ஓனரம்மா ஒத்துக்கல" என்று புரோக்கர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். அப்படி ஒரு பேச்சே என் காதுக்கு வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமை 85-க்கு அக்ரிமென்ட் போட புரோக்கர் வரச் சொல்கிறார். டோக்கன் இன்னும் வாங்கவில்லை. வந்த விலையை என்னிடம் சொல்லும் கடமை அவருக்கு உண்டா? அந்தக் கடைக்காரருக்கே விற்றால் இவருக்குக் கமிஷன் தர வேண்டுமா?

பதில்: முதலில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

கடமை உண்டு. உங்கள் வீட்டை விற்றுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட நிமிஷத்திலிருந்து அவர் உங்கள் முகவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. நீங்கள் சொன்னபடி நடக்க வேண்டும் (பிரிவு 211). அக்கறையோடும் திறமையோடும் வேலை பார்க்க வேண்டும் (212). சிக்கலான நேரத்தில் உங்களைத் தொடர்புகொண்டு, என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும் (214). 97 வந்தபோது உங்களைக் கேட்காமல் "ஓனர் ஒத்துக்கல" என்று அவராகவே சொன்னது இந்த மூன்றோடும் ஒத்துப்போகாது. விலையை ஏற்பதும் மறுப்பதும் உரிமையாளரின் முடிவு. "அந்தப் பார்ட்டி பேங்க் லோன் பார்ட்டி, இழுத்தடிப்பாரு" என்று அவருக்குத் தோன்றினால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். வந்ததையே சொல்லாமல் இருக்க முடியாது.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1991-இல் ஆணை போட்டுவிட்டார்கள். வந்த விலை ஒவ்வொன்றையும் தாமதமில்லாமல், எழுத்தில், விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் பச்சையாக இருக்கிறது. நமக்கு 150 வருஷத்துக்கு முந்தைய பொதுச் சட்டம்தான். "ரெரா வந்துவிட்டதே, அங்கே புகார் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஏஜென்ட் என்றால் புது ப்ராஜெக்டில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தருபவர். தண்டையார்பேட்டை சந்தில் இருக்கும் பழைய வீட்டைக் கைமாற்றுபவருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. டீக்கடை வைக்க மாநகராட்சி உரிமம் கேட்கிறது. ஒரு கோடி ரூபாய் வீட்டை விற்றுத்தர செல்போன் இருந்தால் போதும். இதைச் சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், புரோக்கர் நாளைக்கு அதைத்தான் பிடிப்பார். "இந்த விலைக்குக் குறைந்து கேட்பவர்களை என்னிடம் கொண்டுவராதே" என்று நீங்களே சொல்லியிருந்தால், குறைந்த விலையை அவர் சொல்லாமல் விடலாம். அது உங்கள் உத்தரவு. நாலு மாதம் முன்பு வீட்டு வாசலில் நின்று, "ஒரு கோடிக்குக் குறையாம பாருங்க" என்று சொன்னீர்களா? நம்மில் முக்கால்வாசிப் பேர் பேச்சைத் தொடங்குவதே அப்படித்தான். சொல்லியிருந்தால், "அம்மா ஒரு கோடி சொன்னாங்க, 97 வந்துச்சு, அதனால திருப்பி அனுப்பினேன்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆள் 85-ஐத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே! ஒரு கோடிக்குக் குறைந்த 97-ஐ மறைத்தவர் ஒரு கோடிக்குக் குறைந்த 85-ஐ எப்படிக் கொண்டுவந்தார்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. இடையில் "சரி, 85 வரைக்கும் இறங்கலாம்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் பழைய உத்தரவு அன்றோடு போயிற்று. அதற்கப்புறம் 85-க்கு மேல் வந்த எல்லாவற்றையும் அவர் சொல்லியே ஆக வேண்டும். இனிமேல் யாரிடமும் அடிமட்ட விலை சொல்லாதீர்கள். "எந்த விலை வந்தாலும் சொல்லுங்கள், முடிவு நான் பண்ணிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது 85-க்கு வருவோம். அந்த 85 லட்சம் பார்ட்டி யார்? பெயர், பான் எண், நேரில் முகம், இதில் ஏதாவது உங்களுக்குக் காட்டப்பட்டதா? காட்டவில்லை என்றால் அந்தப் பார்ட்டி புரோக்கரேதான் என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது, அல்லது அவர் மச்சானாக இருக்கலாம். வடசென்னையில் மட்டுமில்லை, எங்கும் நடக்கிற வேலைதான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து, வாங்க வருபவரிடம் "ஸ்டேஷன் நடக்கிற தூரம்" என்பார்கள், விற்பவரிடம் "தெரு குறுகல், கார் போகாது, 85-ஏ ஜாஸ்தி" என்பார்கள். ரெண்டும் ஒரே வாய்தான்.

அக்ரிமென்ட் நகலை முன்கூட்டியே வாங்கி, வாங்குபவர் பெயர் வரும் பத்தியைப் படியுங்கள். "தங்கள் பெயரிலோ தாங்கள் குறிப்பிடும் நபர் பெயரிலோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்கிற மாதிரி வரி இருந்தால் அதுதான் கொக்கி. கெடு ஆறு மாதமோ பதினோரு மாதமோ இருக்கும், அட்வான்ஸ் ஒன்றிரண்டு லட்சம். அந்தக் கெடுவுக்குள் அவர் உங்கள் வீட்டை 97-க்குப் பேசி முடிப்பார். பத்திரப்பதிவு அன்று கடைக்காரர் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போடுவது நீங்கள். உங்களுக்கு 85, நடுவில் 12 அவருக்கு. பத்திரத்தில் 97 என்று எழுதினால், 97 வாங்கியதாக வருமான வரிக்கணக்கில் ஏறுவது உங்கள் பெயர். வாங்குபவர் பிடிக்கும் 1 சதவீத வரியும் உங்கள் பான் எண்ணில்தான் விழும். பணம் ஒருவருக்கு, வரி நோட்டீஸ் இன்னொருவருக்கு.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை அக்ரிமென்ட்டைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ரத்து ஆவணம் பதிந்தால்தான் இறங்கும், இல்லாவிட்டால் கோர்ட். வில்லங்கத்தில் அக்ரிமென்ட் இருக்கிற வீட்டை வேறு யாரும் தொடமாட்டார்கள். ரத்து ஆவணத்துக்குக் கையெழுத்துப் போட அவர் தனியாகப் பணம் கேட்பார். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

ஒருவேளை அவசரத்தில் போட்டுவிட்டாலும் வழி முழுக்க அடைபடாது. முகவர் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லாமல் தானே வாங்கினால், முக்கியத் தகவலை மறைத்தார் என்று காட்டி அந்த வியாபாரத்தை ஏற்க மறுக்க பிரிவு 215 இடம் தருகிறது. அதில் அவர் சம்பாதித்த லாபத்தை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்க 216. ஆனால் இதையெல்லாம் சிவில் கோர்ட்டில் நிரூபிக்க எத்தனை வருஷமாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

"நெட் ரேட்" என்ற பேச்சுக்கும் பிடிகொடுக்காதீர்கள். "உங்க கைக்கு எவ்ளோ வரணும்னு மட்டும் சொல்லுங்க, மேல வர்றத நான் பாத்துக்கறேன்" என்பார்கள். சரி என்று தலையாட்டினால், மேல் விலையை மறைப்பதற்கு நீங்களே சம்மதம் கொடுத்ததாகிவிடும். அப்புறம் 97 பற்றிக் கேட்க உங்களுக்கு வாய் இல்லை. கமிஷன் எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மீது, இவ்வளவுதான் பேச வேண்டும். பவர் (உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதித் தரக் கேட்டால், வெளிநாட்டில் இருப்பவருக்குக்கூட நான் புரோக்கர் பெயரில் பவர் எழுதச் சொல்லமாட்டேன். உள்ளூரில் இருக்கும் உங்களுக்கு எதற்கு? மூலப்பத்திரம் அவரிடம் இருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே "விற்பனைப் பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்.

இன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கு இப்படி அனுப்புங்கள்: "என் தண்டையார்பேட்டை வீட்டை விற்க உங்களிடம் சொல்லியிருந்தேன். இதுவரை யார் யார், எந்தத் தேதியில், எவ்வளவு கேட்டார்கள், பேங்க் லோனா கைப்பணமா என்று நாளை மாலைக்குள் இதிலேயே எழுதி அனுப்பவும். இனி எந்த விலை வந்தாலும் அன்றைக்கே எழுதித் தெரிவிக்கவும். என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாரிடமும் டோக்கன் வாங்க வேண்டாம்." போனில் பேசிக்கொள்ள வேண்டாம், அவர் போன் பண்ணுவார், "மெசேஜில் சொல்லுங்க" என்று வைத்துவிடுங்கள். கடைக்காரரிடமும், எந்தத் தேதியில் யாரிடம் எவ்வளவு கேட்டார், என்ன பதில் வந்தது என்று ஒரு மெசேஜ் வாங்கிவையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி அசல் சாட்டை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள், கோர்ட்டில் அது கேட்கப்படும். உங்களுக்கும் அவருக்கும் எழுத்தில் ஒப்பந்தமே இல்லையே என்று பயப்பட வேண்டாம். வீட்டு போட்டோ அனுப்பியது, அவர் பார்ட்டியைக் கூட்டிவந்து "சாவி எடுத்துட்டு வாங்க" என்றது, இதெல்லாமே அவர் உங்கள் ஆள் என்பதற்குச் சாட்சி.

பதில் வராவிட்டால், அல்லது மழுப்பினால், "இன்று முதல் நீங்கள் என் வீட்டு விற்பனையில் இல்லை" என்று எழுதிவிடுங்கள். இத்தனை மாதம் இவர் மட்டும்தான் என்று கால அளவு எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, நிறுத்த இது போதும். சாவி, வாசல் போர்டு, ஆன்லைன் விளம்பரம் மூன்றையும் அன்றே எடுங்கள். விளம்பரத்தில் அவர் நம்பர் இருக்கிற வரைக்கும் உங்கள் வீட்டுக்கு வரும் விலை அவர் போனில்தான் போய் விழும்.

கமிஷன்? கடைக்காரர் முதலில் விலை கேட்டது இவரிடம்தான், அதனால் "என் பார்ட்டி" என்று சண்டைக்கு வருவார். தவறாக நடந்த முகவருக்கு அந்தப் பகுதி வேலைக்குக் கூலி கிடையாது என்பது பிரிவு 220. உங்கள் கேஸில் அவர் கேட்பது நிற்காது என்றுதான் நினைக்கிறேன், மெசேஜ் ஆதாரங்கள் கையில் இருந்தால். அவர் கமிஷனை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. போலீஸுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிடுவார்கள், ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தால் தவிர.

கடைக்காரரின் 97-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எவ்வளவு லோன், எவ்வளவு கைப்பணம், முழுத்தொகையும் பத்திரத்தில் வருமா என்று கேளுங்கள். பழைய வீட்டுக்கு பிளான் அனுமதியோ அப்பாவின் வாரிசுச் சான்றோ இல்லாவிட்டால் பேங்க் லோன் அங்கேயே நின்றுவிடும். அட்வான்ஸை பேங்க் வழியாகவே வாங்குங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் உங்கள் மேல்தான்.

பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் "நானும் இந்த டீல்ல இருந்தேன்" என்று மூணு, நாலு பேர் நிற்பார்கள். புரோக்கர் வந்தால்தான் பதிவாகும் என்று ஒன்றும் இல்லை. அடையாள அட்டையோடு ரெண்டு சாட்சி போதும், அண்ணன் தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ வரலாம். யாருக்காவது கமிஷன் கொடுப்பதாக இருந்தால், எழுதிப் பேசிய ஒருவருக்கு மட்டும், பத்திரம் பதிவாகி முழுப்பணமும் உங்கள் கணக்கில் ஏறின பிறகு, பேங்க் வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட நிற்பவர்களுக்கு அவரே பிரித்துக் கொடுத்துக்கொள்ளட்டும்.