இன்னொரு பாட்டில் போடலாமா, சார்?

ராத்திரி 2 மணிக்கு ஐசியூவிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான்: "சார், பிபி 80க்கு வந்துருச்சு. இன்னொரு பாட்டில் போடலாமா?" மதுரையில் 18 வருடமாக இதே வேலை. வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் புதிதாக ஊசியோ குழாயோ ஏற்றாமல், சலைன் கொடுத்தால் இதயம் பதில் சொல்லுமா என்று முன்கூட்டியே பார்ப்பதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வாடிப்பட்டியிலிருந்து ஒருவர்: ஐயா, எங்க அப்பா நாலு நாளா வென்டிலேட்டர்ல இருக்கார். பிபி குறைவுங்கிறாங்க. ஆனா குளுக்கோஸ் ஏத்தாம மருந்து மட்டும்தான் ஓடுது. தண்ணி ஏத்துனா பிபி ஏறாதா?

தம்பி, அப்பாவை நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டார் காற்றை இழுத்துத் துப்பும். அப்போது ஊற்று சுரந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும். மோட்டாரே சோர்ந்துபோயிருந்தால் கிணறு வாய்வரை நிரம்பினாலும் வாய்க்காலில் கூடுதலாக ஒன்றும் ஓடாது. இதயமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வித்தியாசம், இங்கே நிரம்பி வழிவது நுரையீரலுக்குள். 500 மி.லி. ஏற்றினால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் 10 முதல் 15 சதவீதமாவது கூட வேண்டும். அதைத்தான் பதில் சொல்வது என்கிறோம். ஐசியூவில் பிபி இறங்கிப் படுத்திருப்பவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் அது நடக்கிறது. அங்கே ஓடும் மருந்து அநேகமாக நார்அட்ரீனலினாக இருக்கும். தளர்ந்த ரத்தக்குழாயை அது இறுக்கிப் பிடிக்கும். பாட்டில் தொங்கவில்லை என்பதால் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். "தண்ணி தேவையான்னு பாத்தீங்களா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கேள்வி அது.

முதுநிலை மாணவர் ஒருவர்: சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) 4 என்றால் கொடு, 12 என்றால் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது இன்னும் செல்லுமா?

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். படிக்கும் காலத்தில் ஓர் இரவு, சிறுநீர்த் தொற்று முற்றி வந்த ஒரு பாட்டிக்கு சிவிபி 5 காட்டியது. விடிவதற்குள் 4 லிட்டர் ஏற்றினேன். காலையில் மூச்சுக்குழாய்க்குள் இளஞ்சிவப்பு நுரை ஏறியது. அப்போது சிவிபி 11. 'இலக்கு எட்டப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது என் கையெழுத்துதான்.

சிவிபி ஓர் அழுத்தம், அவ்வளவுதான். இதயம் இன்னும் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்று அதற்குத் தெரியாது. பால் மாரிக் என்ற மருத்துவரின் குழுவினர் 2008இல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி, சிவிபியைப் பார்த்துச் சொல்வதும் நாணயம் சுண்டிப்போட்டுச் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று காட்டிவிட்டார்கள். ரொம்ப ஏறியிருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மாட்ட அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துச் செவிலியர்: எங்க மானிட்டர்ல விரல் கிளிப்லயே பிவிஐன்னு ஒரு நம்பர் வருது சார். 18 காட்டுது. பாட்டில் மாட்டலாமா?

சிஸ்டர், முதலில் அந்த நோயாளியின் விரலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அந்த நம்பரை மறந்துவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இரண்டு மூன்று துடிப்பு கழித்து அந்தக் குறைவு இடப்பக்கத்துக்கு வந்து சேரும். இதயம் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருந்தால் துடிப்பின் அலையில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும். வயிறு நிறைந்த இதயம் அசையாது. மணிக்கட்டு ரத்தக்குழாயில் குழாய் போட்டு இதை அளந்தால் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இதயம் பதில் சொல்லும் என்பது பழைய கணக்கு. 9க்கும் 13க்கும் நடுவில் எதுவும் உறுதியில்லை. அதே ஏற்ற இறக்கத்தை ஊசியில்லாமல் விரல்நுனியில் பிடிப்பதுதான் பிவிஐ. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் இருப்பவரிடம் 14க்கு மேல் என்று பார்த்தபோது நன்றாகவே வேலை செய்தது. ஐசியூவில் நார்அட்ரீனலின் விரல் ரத்தக்குழாயையும் சுருக்கிவிடுகிறது. அலையே நூல் மாதிரி இருக்கும்போது அதன் அசைவை அளந்து என்ன பயன்?

விரல் சூடாக இருந்தாலும் இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. நோயாளி தானாக மூச்சு இழுக்கக் கூடாது, துடிப்பு சீராக இருக்க வேண்டும், ஒவ்வொரு மூச்சும் கிலோவுக்கு 8 மி.லி. அளவாவது இருக்க வேண்டும். அந்தக் கிலோவும் கட்டிலில் படுத்திருக்கும் எடை இல்லை. உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ, அப்படியானால் 8 என்பது 492 மி.லி. நுரையீரல் கெட்டுப்போனவருக்கு நாம் வைப்பதோ 6 தான், 369 மி.லி. இவ்வளவு சிறிய மூச்சில் ஏற்ற இறக்கம் தெரியாமலே போகலாம். இதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து 2017இல் ஒரு வழி வந்தது. 6லிருந்து 8க்கு ஒரு நிமிடம் மட்டும் ஏற்றுங்கள். ஏற்ற இறக்கம் 3.5 புள்ளி கூடினால் இதயம் பதில் சொல்லும். அதற்கு மணிக்கட்டுக் குழாய் வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் செய்து பாருங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு மருத்துவர்: ஐவிசி (வயிற்றின் வழியாக இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரை) பார்த்தால் போதாதா? ஸ்கேன் புரோபை வயிற்றில் வைத்தால் முடிந்தது.

எல்லாரும் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான், அதனால் எல்லாருக்கும் அதன்மேல் ஆசை. வென்டிலேட்டரில் மூச்சு உள்ளே போகும்போது பெருஞ்சிரை விரியும். தானாக மூச்சு விடுபவருக்குச் சுருங்கும். இதை மாற்றிப் படித்துவிட்டு எழுதிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அதிகபட்ச விட்டத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைந்தபட்சத்தால் வகுத்து, 18 சதவீதத்துக்கு மேல் என்றால் பதில் சொல்லும் என்பது 2004இல் வந்த கணக்கு. புரோப் கொஞ்சம் நழுவினால் குழாயின் நடுவை விட்டு ஓரத்தை அளப்பீர்கள், ஆட்டம் தானாகவே வந்துவிடும். இரண்டு எல்லைகளில் மட்டும் அதை நம்புவேன். ஒட்டிப்போய்க் கிடந்தால் கொடுக்கலாம், உப்பி அசையாமல் நின்றால் கையைக் கட்டிக்கொள்ளலாம். நடுவில் எதுவாக இருந்தாலும் அடுத்த சோதனைக்குப் போவேன்.

மேலூரிலிருந்து: காலைத் தூக்கிப் பார்ப்பது என்று ஒரு சோதனை சொல்கிறார்களே, அதை ஒழுங்காக எப்படிச் செய்வது?

ஒரே ஒரு சோதனைதான் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். பைசா செலவில்லை. துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், நோயாளி தானாக மூச்சு இழுத்தாலும் செல்லும். கால்களிலும் வயிற்றிலும் தேங்கிய ரத்தத்தில் சுமார் 300 மி.லி. இதயத்துக்கு ஓடிவரும். பிடிக்கவில்லை என்றால் காலை இறக்கிவிடலாம்; பாட்டில் ஏற்றினால் அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

நிறையப் பேர் தவறு செய்வது தொடக்கத்தில். மல்லாந்து படுத்திருப்பவரின் இரண்டு காலையும் அட்டெண்டர் கையால் தூக்கிப் பிடிக்கிறார். அது பாதிச் சோதனை. தலைப்பக்கம் 45 டிகிரி நிமிர்ந்த நிலையில் தொடங்க வேண்டும். பிறகு கட்டிலையே சாய்த்துத் தலையை இறக்கி, கால் பக்கத்தை 45 டிகிரி ஏற்ற வேண்டும். கைப்பிடி சுற்றும் பழைய இரும்புக் கட்டில் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில், ஒருவர் கால்மாட்டில். மூக்குக்குழாய் உணவை முன்கூட்டியே நிறுத்துங்கள். தொண்டையில் சளி இருந்தால் முதலில் உறிஞ்சுங்கள். இருமினாலோ சிறுநீர்க்குழாய் இழுபட்டு வலித்தாலோ பிபி அதனாலேயே ஏறிவிடும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். துடிப்பு வேகம் சட்டென ஏறினால் அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எதை அளப்பது என்பது அடுத்த விஷயம். பிபி கட்டு மட்டும் போதாது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் நுனியிலிருந்து பார்த்து, ரத்தம் வெளியேறும் வாயிலில் ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் டாப்ளர் வைத்து விடிஐ எடுங்கள். ஒரு துடிப்பில் ரத்தம் எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது என்ற கணக்கு அது. முன்பு 15 செ.மீ., கால் தூக்கியதும் 18 என்றால் 20 சதவீதம் கூடியிருக்கிறது. 10க்கு மேல் என்பதால் பதில் சொல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள், அதற்குப்பின் விளைவு மங்கிவிடும். காலை இறக்கியபின் பழைய எண்ணுக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். தலைக்காயத்தில் மூளை அழுத்தம் ஏறியிருப்பவருக்கு இதைச் செய்யக் கூடாது.

அதே செவிலியர்: அரளி விதை அரைச்சுக் குடிச்சவங்களுக்கு சார்?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி. அரளி விஷத்தில் துடிப்பு குறையும், விட்டு விட்டு வரும். பிவிஐ மாதிரி எல்லா எண்களும் அங்கே பொய்தான் சொல்லும். காலைத் தூக்கி, ஐந்தாறு துடிப்பின் விடிஐயைச் சராசரி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே பிபி இறங்கக் காரணம் பெரும்பாலும் துடிப்புதான். பாட்டிலைப் பற்றி யோசிக்கும் முன் அதைக் கவனியுங்கள்.

அலங்காநல்லூர்ப் பக்கம்: ஜல்லிக்கட்டில் வயிற்றில் குத்துப்பட்டு ஆபரேஷன் ஆனவருக்குக் கால் தூக்கினோம், ஒன்றும் மாறவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். வயிறு பானை மாதிரி இறுகியிருந்தால் காலிலிருந்து வரும் ரத்தம் வழியிலேயே நெரிபடும். சோதனை தோற்றிருக்கும், இதயம் பதில் சொல்லத் தயாராகவே இருந்திருக்கலாம். சிறுநீர்ப்பையில் 25 மி.லி.க்கு மேல் போகாமல் சலைன் விட்டு, மூச்சு வெளியேறும் கடைசியில் வயிற்றழுத்தம் பாருங்கள். 12க்கு மேல் என்றாலே அது அதிகம்தான். ஐவிசியும் அங்கே நசுங்கித்தான் தெரியும், அதையும் நம்ப வேண்டாம். வெறும் 100 மி.லி.யை ஒரு நிமிடத்தில் கொடுத்து விடிஐ பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், ஆனாலும் 500ஐவிடத் தேவலை. ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

குழந்தைகளுக்கு? என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

மகாதமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகம் மூச்சோடு எவ்வளவு மாறுகிறது என்று எக்கோவில் பார்ப்பதுதான் அவர்களிடம் ஓரளவு நம்பகமானது. மற்றதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

சோழவந்தானிலிருந்து: ராத்திரியில் எக்கோ தெரிந்தவர் இல்லை. என்ன செய்ய?

வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி வென்டிலேட்டரோடு இருக்கிறதா? காலைத் தூக்கும்போது அந்த எண் 5 சதவீதம் கூடினால் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வென்டிலேட்டர் அமைப்பைத் தொடக் கூடாது, நோயாளியும் தானாக மூச்சு இழுக்கக் கூடாது. ஒரு சிக்கல் உண்டு. 30 என்று இருந்தால் 5 சதவீதம் என்பது ஒன்றரைதான், மானிட்டரோ முழு எண்ணை மட்டும் காட்டும். 30, 31 ஆனால் நான் நம்ப மாட்டேன். 33 ஆனால் நம்புவேன்.

கடைசியாக, பெயர் சொல்லாத ஒருவர்: சோதனை 'பதில் சொல்லும்' என்று வந்துவிட்டால் கொடுத்துவிடலாம்தானே?

கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இப்போது என்னைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கினாலும் என் இதயம் பதில் சொல்லக்கூடும். அதற்காக எனக்கு யாரும் டிரிப் போடப்போவதில்லை. உறுப்புகளுக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம் வேண்டும். விரல்நுனியை 10 விநாடி அழுத்தி விடுங்கள், பழைய நிறம் வர 3 விநாடிக்கு மேல் ஆனால் அது ஓர் அடையாளம். போன வாரம் ஒரு அம்மாவுக்குக் கால் தூக்கியதும் விடிஐ 18 சதவீதம் கூடியது. நார்அட்ரீனலின் சொற்பமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கால் வெதுவெதுப்பாக இருந்தது, லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறுவது) வெறும் 1.4, சிறுநீர் மணிக்கு 50 மி.லி. டியூட்டி டாக்டர் கையில் பாட்டிலோடு நின்றார். திரும்ப வைத்துவிடச் சொன்னேன். அடுத்த நாள் மதியம் நார்அட்ரீனலினை நிறுத்திவிட்டோம்.