ஒன்பது பேர் சொன்ன ஒரே கதை: கேள்வி பதில்

சேலத்தில் எங்கள் வாசிப்பு வட்டம் போன மாதம் படித்தது பதின்வயதினருக்கான ஓர் ஆங்கில மிகுபுனைவு நாவல். 9 பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். பலருக்கும் ஏமாற்றம். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அம்மாபேட்டை தம்பி: அக்கா, 80 பக்கம் தாண்டியும் யார் யாரென்று பிடிபடவில்லை. கோளாறு என்னிடமா?

இல்லை தம்பி, புத்தகத்தில்தான். அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரைக் கட்டைவிரலால் மூடிவிட்டு முதல் பத்தியைப் படியுங்கள். பேசுவது யாரென்று தெரிய வேண்டும். நான் 12 அத்தியாயங்களில் பார்த்தேன், மூன்றில்தான் தெரிந்தது. அந்த மூன்றும் உப்புக் காய்ச்சும் பெண்ணுடையவை. காற்றை முகர்ந்தே மழையைச் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் எல்லாம் ஒரே குரல். கோட்டைக்குள் நுழையும் குதிரைக்காரப் பையன் கண்ணில் லாயமல்லவா முதலில் பட வேண்டும்? அவனும் இளவரசி மாதிரியே கூரைச் சித்திரத்தைப் பார்த்து நிற்கிறான்.

ஏற்காடு பஸ்ஸில் போனால் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு தெரிவது அதே சேலம்தான். ஆனால் மேலே ஏற ஏறப் புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் படும், அதனால்தான் எட்டிப் பார்க்கிறோம். இந்த நாவலில் அரண்மனை தீப்பிடித்த இரவை நாலு பேர் சொல்கிறார்கள். நாலாமவர் வாயிலும் புதிதாக ஒன்றுமில்லை. தலைசுற்றல்தான் மிச்சம்.

கன்னங்குறிச்சி வாசகி: எத்தனை பேர் சொன்னால் சரி?

எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (1996) முன்கதை போக 8 பேர் பார்வையில் நகர்கிறது. அதில் 7 பேரை ஒரே கோட்டையில் நமக்குப் பழக்கிய பிறகுதான் ஆசிரியர் திசைக்கொருவராக அனுப்புகிறார்.

ஓமலூர் வாசகர்: நாலு பேர் என்றால் போதுமா?

முந்தைய பதிலைப் படியுங்கள்.

ஏற்காடு ஆசிரியர்: பொன்னியின் செல்வனில் எத்தனை பாத்திரங்கள்! அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்?

பாத்திரம் வேறு, சொல்பவர் வேறு சார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு நம்மைச் சேர்த்துவிடுகிறார் கல்கி. அவன் தோளுக்குப் பின்னால் நின்றுதான் சோழ நாட்டைப் பார்க்கிறோம்.

அவரே மீண்டும்: அவன் இல்லாத இடங்களும் நிறைய வருகின்றனவே?

உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நந்தினியிடம் போனாலும் பூங்குழலியிடம் போனாலும் கூட்டிப்போவது கல்கியின் குரல். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை அது. வாரம் ஒருமுறை படித்தவர்கள் விட்ட இடத்தைப் பிடிக்க அந்த ஒரே குரல் வேண்டியிருந்தது.

ஓமலூரிலிருந்து இன்னொருவர்: மூன்று பேர் என்றால்?

எண்ணாதீர்கள். பெயரை மூடிப் பாருங்கள்.

ஆத்தூர் வாசகர்: அடுத்த பாகம் வாங்கலாமா?

வேண்டாம். நூலகத்துக்கு வந்தால் எடுத்துப் படியுங்கள்.

ஐந்து ரோடு தங்கை: நானும் நாவல் எழுதுகிறேன் அக்கா. ஆறு பேர் சொல்கிறார்கள்.

முதல் மூன்று அத்தியாயத்தை ஒரே ஆள் வாயிலாக எழுதிப் பாரம்மா. அவர் கண்ணுக்கு எட்டாத ஒன்று கதைக்கு எங்கே தேவைப்படுகிறதோ, அங்கே இரண்டாவது ஆளைக் கொண்டு வா. அப்புறம் எனக்கு அனுப்பு, பெயர்களை எடுத்துவிட்டு.