டிராக் இன்ஜினுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்? – கேள்வி பதில்

எல்லோருக்கும் வணக்கம். கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) என்பது தன் மேடுகளால் (லோப்) வால்வுகளைத் திறக்கும் தண்டு. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செவ்ரோலே 350 ஸ்மால் பிளாக் (350 கன அங்குல வி8 இன்ஜின்) பற்றியவை. அதையே முன்னால் வைத்துக் கால் மைல் (402 மீட்டர்) டிராக் ரேஸ் ஓட்டத்துக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் 350-ல் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) 9-க்கு 1. இருப்பதிலேயே பெரிய கேமைப் போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. கேம் பெரிதாக ஆக, அதாவது வால்வைத் திறந்து வைக்கும் நேரம் கூடக் கூட, இன்டேக் வால்வு (கலவை உள்ளே வரும் வழி) மூடுவது தள்ளிப்போகும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுவது) அதிகமென்றால் காற்று வந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். பெரிய கேமின் பலன் அங்கேதான். ஆர்பிஎம் குறைவாக இருந்தால், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கைப் பிஸ்டனே திருப்பித் தள்ளிவிடும். உங்கள் 9-க்கு 1 இன்னும் கீழே இறங்கிய மாதிரிதான். பச்சை விளக்கு விழும்போது வண்டி எழாது. கேம் கார்டு (கேமோடு வரும் அளவுத் தாள்) கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது லிஃப்டை (வால்வு எழும் உயரத்தை) அல்ல, இன்டேக் மூடும் டிகிரியை.

கேள்வி: ஒரே கேமுக்கு டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் டிகிரி) 280 என்றும் 230 என்றும் போட்டிருக்கிறதே?

இரண்டும் சரி. டேப்பட் (லோப் மேலே தள்ளும் துண்டு) லேசாக அசைந்ததும் எண்ணத் தொடங்கினால் 280, 0.050 அங்குலம் (1.27 மி.மீ.) எழுந்த பிறகு எண்ணினால் 230. முதல் அளவை எங்கே தொடங்குவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒப்பிடுவதற்கு 0.050 கணக்கை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: சார், எத்தனை ஆர்பிஎம்முக்குக் கேம் எடுப்பது?

முடிவுக் கோட்டில் இன்ஜின் எத்தனை சுற்றும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மணிக்கு 110 மைல், பின் ஆக்சில் விகிதம் 4.10, டயர் 28 அங்குலம், டாப் கியர் நேர் விகிதம் என்று வையுங்கள். 110 × 4.10 × 336 ÷ 28 = சுமார் 5,400 (336 என்பது மைல், அங்குல அலகுகளைச் சரிசெய்யும் எண்). கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக் கியரை இன்ஜினோடு எண்ணெய் வழியே இணைப்பது) வழுக்கலையும் சேர்த்தால் 5,700 பக்கம் வரும். இந்த வண்டிக்கு 7,500-ல் பவர் கொடுக்கும் கேம் வீண். ஆக்சில், டயர், கன்வெர்ட்டரின் ஸ்டால் (வண்டியைப் பிடித்து வைத்து முடுக்கினால் இன்ஜின் எட்டும் ஆர்பிஎம்) எல்லாம் முடிவான பிறகே கேமை வாங்குங்கள்.

கேள்வி: 106 டிகிரி லோப் செபரேஷனா (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சிகளுக்கு இடையிலான கோணம்), 112-ஆ?

நைட்ரஸ் (கூடுதல் பவருக்கு இன்ஜினுக்குள் விடும் வாயு) இருந்தால் 112 அல்லது அதற்கு மேல். இல்லாமல், வண்டி லேசாக இருந்து ஸ்டாலும் அதிகமென்றால் 106 நன்றாக இழுக்கும். ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) கரடுமுரடாக இருக்கும், வேக்குவம் குறையும்.

கேள்வி: புதுக் கேம், அரை மணி நேரத்தில் லோப் தேய்ந்துவிட்டது. ஏன்?

ஃபிளாட் டேப்பட் (உருளை இல்லாமல் லோபில் உரசியே ஓடும் டேப்பட்) கேமாகத்தான் இருக்கும். எனக்கும் இது நடந்திருக்கிறது. இன்ஜின் பிடித்ததும் தண்ணீர்க் கசிவு பார்க்க ஐடிலில் விட்டுவிட்டேன். பிறகு ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்தால் தாள் மடிப்பெல்லாம் வெள்ளிப் பொடி. டேப்பட்டின் அடி குழிந்துபோயிருந்தது. லோபுக்கு எண்ணெய் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழன்று தெறிப்பதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது, ஐடிலில் அது போதாது. பிடித்த நொடியிலிருந்து 2,000-க்கு மேலேயே 20 நிமிடம் ஓட்டுங்கள். ஜிங்க் அதிகமுள்ள ஆயில், லோபில் அசெம்பிளி பேஸ்ட், இரட்டை வால்வு ஸ்பிரிங்காக இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது, மூன்றும் கட்டாயம். பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடவே போடாதீர்கள்.

கேள்வி: பிஸ்டனில் வால்வு இடிக்குமா என்று எப்படிப் பார்ப்பது?

பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டுங்கள். ஹைட்ராலிக் டேப்பட் அமுங்கி ஏமாற்றும், அதனால் சோதனைக்கு சாலிட் டேப்பட் போடுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்கவும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பாக்கெட்டை (வால்வுக்கான பள்ளத்தை) ஆழப்படுத்துங்கள், அல்லது சின்னக் கேமுக்கு வாருங்கள். பிறகு கேமை முன்னோ பின்னோ டிகிரி நகர்த்தினால், திரும்பவும் களிமண் வைத்துப் பாருங்கள்.