1 கே கேட்டேன், 110 ஓம் கொடுத்துவிட்டார்களா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகளின் புராஜெக்டுக்காக, ரிச்சி தெருவில் ஒரு கடையில் 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சின்ன உதிரிப்பாகம், நூறு வாங்கினேன். அவள் படித்தது பழுப்பு, கருப்பு, சிவப்பு, தங்கம் என்று நாலு பட்டை. கடையில் தந்ததோ நீல உடம்பு, ஐந்து பட்டை: பழுப்பு, பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. கணக்குப் போட்டால் 110 ஓம் வருகிறது என்கிறாள். பில்லும் தரவில்லை. மாற்றித் தருவார்களா?

பதில்: பஸ் ஏறும் முன் ஒரு ரெசிஸ்டரை எடுத்து அப்படியே திருப்பிப் பிடியுங்கள். இப்போது பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு. ஒவ்வொரு நிறமும் ஓர் எண்: பழுப்பு 1, கருப்பு 0. ஆக முதல் மூன்று பட்டை 1, 0, 0. நாலாவது பழுப்பு, அதாவது ஒரு சைபர் சேர்க்க வேண்டும். 1000 ஓம், நீங்கள் கேட்ட 1 கே! கடைசிப் பழுப்பு, அளவு 1% வரை கூடக்குறைய இருக்கலாம் என்பதற்கு.

உங்கள் மகள் போட்ட கணக்கில் தப்பில்லை, ஆரம்பித்த முனைதான் தப்பு. நாலு பட்டை ரெசிஸ்டரில் தங்கமோ வெள்ளியோ கடைசியில் நிற்கும். அந்த இரண்டு நிறமும் முதலில் வராது என்பதால் திசை தெரிந்துவிடும். 1% ரெசிஸ்டரில் கடைசிப் பட்டையும் பழுப்பு, 1 கே-யின் முதல் பட்டையும் பழுப்பு. கடைசிப் பட்டை சற்றுத் தள்ளி இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். மலிவுச் சரக்கில் அந்த இடைவெளியை நான் தேடித் தேடிக் களைத்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு 110 ஓம் என்பதும் கடையில் கிடைக்கிற அளவு. ஆகவே கண்ணை நம்பாமல் ஓம் அளக்கும் மல்டிமீட்டரில் வையுங்கள். 990-க்கும் 1010-க்கும் நடுவில் காட்டினால் சரக்கு சரி. 110-ஐ ஒட்டிக் காட்டினால் மட்டும் கடைக்குப் போங்கள். அவர்கள் மீட்டரிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

பில் தராதது வேறு விஷயம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். அடுத்த முறை '1 கே, கால் வாட், 1%' என்று எழுதியே பில் கேளுங்கள் (வாட் என்பது ரெசிஸ்டர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான அளவு). வெறும் 'ரெசிஸ்டர் 100' என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எந்த அளவு கேட்டீர்கள் என்று காட்ட முடியாது.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வரிசை கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நம் ஊர்ப் பக்கம் பலர் நீலத்தையும் ஊதா என்றே சொல்வார்கள். இங்கே அப்படிச் சொன்னால் 6-ம் 7-ம் மாறிப்போகும். 7 என்பது கத்தரிப்பூ நிறம் என்று வைத்துக்கொள்ளட்டும். நீல உடம்பின் மேல் சிவப்பும் பழுப்பும் ராத்திரி விளக்கில் ஒன்றுபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில், செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எமர்ஜென்சி விளக்கில் ஒரு ரெசிஸ்டர் கருகிவிட்டது. மஞ்சள், ஊதா, கடைசியில் தங்கம் தெரிகிறது. மூன்றாவது பட்டை கரி. 47 ஓம் என்று கேட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நாலு பட்டையில் முதல் இரண்டுதான் எண், எத்தனை சைபர் என்று சொல்வது மூன்றாவது. அது கருப்பாக இருந்தால்தான் 47. பழுப்பாக இருந்திருந்தால் 470, சிவப்பாக இருந்திருந்தால் 4.7 கே. தங்கமாக இருந்திருந்தால் 4.7 ஓம்தான். அதே மாடல் விளக்கு வேறு யாரிடமாவது இருந்தால் திறந்து பார்ப்பதே வழி. சூடு பட்ட சிவப்பு பழுப்பாக மாறியிருக்கலாம் என்பதால் பக்கத்தில் அரைகுறையாக வெந்தவற்றையும் நம்பாதீர்கள்.

அளவு தெரிந்த பிறகு பழையதன் உடம்புப் பருமனைக் கடையில் காட்டுங்கள். சாதாரண ரெசிஸ்டர் என்றால் கால் வாட் இருந்த இடத்தில் அரை வாட் போடலாம், அரை வாட் இடத்தில் கால் வாட் கூடாது. கரன்ட் உள்ளே வரும் இடத்திலேயே இருந்தது என்றால் அது ஃபியூஸ் போல வேலை செய்யும் ரகமாக இருக்கலாம்; அதே ரகம்தான் போட வேண்டும். ரெசிஸ்டர் சும்மா கருகாது. பக்கத்தில் டிரான்சிஸ்டரோ டயோடோ ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் அன்றைக்கே புகையும்.