குழந்தை தூங்கிய பிறகும்

அன்புள்ள அக்கா,

குழந்தை பிறந்து 9 வாரம் ஆகிறது. நன்றாக இருக்கிறான். எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவன் அழுதால் எரிச்சல்தான் வருகிறது. நேற்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். ராத்திரி அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கணவரிடம் சொன்னால் பயந்துவிடுவார். நான் நல்ல அம்மா இல்லையோ?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வருவதில்லை என்று, அந்த வரியில்தான் என் கண் நின்றது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் தூக்கம் கெடுவது சகஜம். ஆனால் பெரும்பாலான அம்மாக்கள் தலையைச் சாய்த்தால் போதும், தூங்கிவிடுவார்கள். அசதியில் உடம்பு கெஞ்சியும் கண் மூடாமல் கிடப்பது வேறு. ‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிக்கோ’ என்று புத்தி சொல்பவர்களுக்கு இது புரியவே புரியாது. அவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் கடுப்பு உண்டு.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு 9 வாரம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒன்றுமே தோன்றாததும், எரிச்சலும் அதன் அறிகுறிகளே. பாசம் இல்லாததற்கு அத்தாட்சி அல்ல. கர்ப்பத்தில் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் பிரசவத்துக்குப் பின் மளமளவென்று இறங்குகின்றன. தூக்கக்கேடு, தனிமை எல்லாம் அதன்மேல் சேர்கின்றன. பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதிலும் மனச்சோர்வே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருத்துவரிடம் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மகள் பிறந்த புதிதில் நான் அப்படித்தான் சொன்னேன். ‘ரெஸ்ட் எடுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு எழுதியதை அப்படியே காட்டுங்கள். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசிக் கேள்வி, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கூச்சப்பட்டு அதற்கு மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள். அப்புறம், தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் அது கெட்டாலும் இதே மாதிரி காட்டும்.

பேச்சு சிகிச்சையிலேயே பலருக்குச் சரியாகிவிடும். மாத்திரை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்காது; செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், போதும்.

ஆனால் செத்துப்போகலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ தோன்றினால், இல்லாத குரல் கேட்டால், காத்திருக்காதீர்கள். தனியாக இருக்க வேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கணவர் பயந்தால் பயப்படட்டும். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். இன்று ராத்திரியிலிருந்து நாலைந்து மணி நேரம் குழந்தை அவர் பொறுப்பு. நீங்கள் வேறு அறையில் போய்ப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை.

நல்ல அம்மாவா என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மருத்துவரைப் பார்க்க என்றைக்கு நேரம் கிடைத்தது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா